பண்டிகைக்குப் பட்டா கேட்கிறார்கள்

(ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் டிசம்பர் கடைசி வாரத்தில் நடந்த கலந்துரையாடல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கிறிஸ்துமஸ் எங்கிருந்து வந்தது, அது காலப்போக்கில் எப்படியெல்லாம் மாறியது என்று பேசச் சொன்னார்கள். கேட்பதற்கு வரலாற்றுப் பாடம் போலத்தான் இருக்கும். ஆனால் இந்த மலையில் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சாதிச் சான்றிதழ் இருக்கிறது. ஒரு பிள்ளையின் விடுதி இடம், கல்லூரி இடம், வேலை எல்லாம் இருக்கிறது. பேச்சின் முடிவில் அங்கேதான் வந்து நிற்பேன். அதற்கு முன்பு கொஞ்சம் தூரம் சுற்றிவிட்டு வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் பிறந்தால் எல்லோருடைய கைபேசிக்கும் ஒரு செய்தி வரும். கிறிஸ்துமஸ் கிறிஸ்தவப் பண்டிகையே கிடையாது, அது ரோமாபுரிக்காரர்களின் சூரிய விழா, இயேசு டிசம்பர் 25-ல் பிறக்கவே இல்லை என்று. இதை மூன்று வகை ஆட்கள் அனுப்புகிறார்கள். ஒருவர் பகுத்தறிவுத் தோழர். எந்த மதமும் புனிதமாக வானத்திலிருந்து விழவில்லை என்று காட்ட அனுப்புகிறார். இன்னொருவர் பெந்தெகொஸ்தே போதகர்; வேதத்தில் இல்லாத பண்டிகையைக் கொண்டாடாதே என்று தன் சபைக்குச் சொல்ல அனுப்புகிறார். மூன்றாமவர் காவிக்காரர், உன் பண்டிகையே திருட்டுப் பண்டிகை, நீ தாய்மதத்துக்குத் திரும்பு என்று சொல்ல அனுப்புகிறார். செய்தி ஒன்றுதான், வேலை மூன்று. அதனால் செய்தி உண்மையா என்பதோடு, அதை வைத்து என்ன வேலை நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் உண்மையைப் பார்ப்போம். இயேசுவின் பிறப்புக் கதையைச் சொல்பவை மத்தேயு, லூக்கா என்ற இரண்டு நற்செய்திகள் மட்டுமே. இரண்டிலும் தேதி இல்லை, மாதமும் இல்லை. தொடக்ககாலக் கிறிஸ்தவர்களுக்குப் பிறந்தநாள் கொண்டாட்டத்தில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜென் என்ற அறிஞர், வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும்தான், நல்லவர்கள் யாரும் கொண்டாடவில்லை என்ற பொருளில் எழுதினார். அவருக்குச் சற்று முன்பு அலெக்சாந்திரியாவில் இருந்த கிளமென்ட், சிலர் மே 20 என்கிறார்கள், சிலர் ஏப்ரல் 19 அல்லது 20 என்கிறார்கள் என்று குறித்து வைத்தார். டிசம்பர் 25 அவர் பட்டியலிலேயே இல்லை.

டிசம்பர் 25 என்று தெளிவாகச் சொல்லும் பழைய ஆவணம் ரோமில் கி.பி. 354-ல் தொகுக்கப்பட்ட ஒரு பஞ்சாங்கம். அதன் ஒரு பகுதி 336-ஆம் ஆண்டு நிலவரத்தைக் காட்டுகிறது என்கிறார்கள் அறிஞர்கள். அதே தொகுப்பில், அதே டிசம்பர் 25-க்கு இன்னொரு குறிப்பும் இருக்கிறது. 'வெல்லப்படாதவனின் பிறந்தநாள், 30 தேரோட்டப் பந்தயம்' என்ற பொருளில். வெல்லப்படாதவன் என்றால் சூரியன். பேரரசன் அவுரேலியன் 274-ல் இந்தச் சூரியக் கடவுளுக்கு ரோமில் பெரிய கோயில் கட்டினான். ரோமர்களின் பழைய நாள்கணக்கில் டிசம்பர் 25 என்பது பகல் நீளத் தொடங்கும் நாள். நம் ஊரில் தை முதல் நாளைச் சூரியன் வடக்கே திரும்பும் நாள் என்று வைத்திருக்கிறோமே, அதுபோல ஒன்று.

இதை வைத்துச் சூரிய விழாவைத்தான் திருச்சபை எடுத்துக்கொண்டது என்கிறது ஒரு தரப்பு. மறுதரப்பு சொல்லும் கணக்கு வேறு. மரியா கருவுற்றதும் இயேசு இறந்ததும் மார்ச் 25 என்று பழைய கிறிஸ்தவர்களில் சிலர் நம்பினார்கள். அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25 வருகிறது என்கிறது அது. கிழக்கே இருந்த கிறிஸ்தவர்கள் ஜனவரி 6-ஐ வைத்திருந்தார்கள். ஆர்மீனியத் திருச்சபை இன்றும் அந்த நாளில்தான் கொண்டாடுகிறது. இரு தரப்பு ஆய்வாளர்களும் இன்னமும் வாதிடுகிறார்கள். ஆகவே கைபேசிச் செய்தி பாதி நிரூபிக்கப்பட்டது, பாதி ஊகம். இயேசு டிசம்பர் 25-ல் பிறந்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது என்பது உறுதி. சூரிய விழாவை அப்படியே திருடிவிட்டார்கள் என்பது உறுதியில்லை. ஒரே ஊரில் ஒரே நாளில் இரண்டு கூட்டமும் கொண்டாடியது, ஒன்றின் சாயல் இன்னொன்றில் ஏறியது என்ற அளவுக்குச் சொல்லலாம்.

இந்தச் செய்தியில் 'பேகன் பண்டிகை' என்று ஒரு சொல் வரும். மயிலுக்குப் போர்வை கொடுத்த நம் பேகன் இல்லை, இது லத்தீன் சொல். 'பாகானுஸ்' என்றால் நாட்டுப்புறத்தில் குடியிருப்பவன், நம் ஊர் வழக்கில் பட்டிக்காட்டான். நகரத்தில் கிறிஸ்தவம் பரவிய பிறகும் தங்கள் மரத்தையும் ஊற்றையும் வயலையும் கும்பிட்டுக்கொண்டிருந்த கிராமத்து ஆட்களை இப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு மாற்று மதத்தார் எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது. இந்த மலைக்காரர்களுக்கு இதன் வலி தெரியும். மலையாளி என்று சொன்னால் கீழே இருப்பவர்கள் கேரளத்துக்காரர் என்று நினைக்கிறார்கள். விளக்கிச் சொன்னால், ஓ, காட்டு ஆளா என்று கேட்கிறார்கள். 'பேகன்' என்ற சொல்லின் உள்ளே இருப்பதும் அந்தப் பார்வைதான். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸைக் கேலி செய்பவர், தெரிந்தோ தெரியாமலோ கிராமத்து மனிதரைத்தான் கேலி செய்கிறார்.

அந்தப் பட்டிக்காட்டு மக்களின் பண்டிகைகள் எப்படி உள்ளே வந்தன என்பதற்கு எழுத்துச் சாட்சியே இருக்கிறது. 601-ஆம் ஆண்டு போப் கிரகோரி, இங்கிலாந்தில் மதம் பரப்பப் போன மெல்லிட்டஸ் என்ற குருவுக்குக் கடிதம் எழுதினார். கோயில்களை இடிக்காதே, சிலைகளை மட்டும் எடுத்துவிட்டு அதையே தேவாலயமாக்கு. அவர்கள் மாடு வெட்டி விருந்து வைக்கிற வழக்கத்தையும் நிறுத்தாதே, நம் விழா நாளில் அதே விருந்தை வைக்கச் சொல். இதுதான் கடிதத்தின் சாரம். இது தந்திரமா, விட்டுக்கொடுத்தலா? இரண்டும்தான். மதம் மக்களைப் பிடித்தது. மக்களும் தங்கள் சோற்றையும் கூத்தையும் கறிவிருந்தையும் விடாமல் மதத்துக்குள் கொண்டுபோனார்கள். வடக்கு ஐரோப்பாவின் குளிர்கால விழாவான யூல் இப்படித்தான் கிறிஸ்துமஸோடு கலந்தது.

பிறகும் அது ஒரே மாதிரி இருக்கவில்லை. தீவனத் தொட்டியில் குழந்தை படுத்திருக்கும் குடிலை 1223-ல் இத்தாலியின் கிரேச்சியோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் காட்டினார். மரம் வைக்கும் வழக்கம் ஜெர்மானியப் பகுதிகளில் பிறந்து, 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரண்மனை வழியாக உலகம் சுற்றியது. நடுவில் கிறிஸ்தவர்களே கிறிஸ்துமஸைத் தடை செய்த காலமும் உண்டு. பியூரிட்டன்கள் ஆதிக்கம் செலுத்திய இங்கிலாந்து நாடாளுமன்றம் 1647-ல் அதை ஒழித்தது. 1659-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், அன்று வேலைக்குப் போகாமல் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். 1843-ல் டிக்கன்ஸின் கதையும் அச்சடித்த வாழ்த்து அட்டையும் வந்தன. 1931 முதல் கோக்கோ கோலா விளம்பரத்தில் சிவப்புச் சட்டைத் தாத்தா நின்றார். இன்று திருவண்ணாமலைத் துணிக்கடையிலும் அவர்தான் நிற்கிறார்.

நம் பக்கம் வந்த கிறிஸ்துமஸும் நம்முடையதாக மாறித்தான் வந்தது. இலங்கையில் அதற்கு நத்தார் என்று பெயர். தமிழ்நாட்டில் வாசலில் கோலம், மூங்கில் குச்சியில் செய்த நட்சத்திரம், முறுக்கும் அதிரசமும், ஆட்டுக்கறிக் குழம்பு. குடில் கட்டுகிறவர்கள் கேழ்வரகோ கம்போ முளைக்கவைத்துப் புல்வெளி செய்கிறார்கள். அது மாரியம்மன் முளைப்பாரிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. அதைச் செய்கிற அம்மாவிடம் போய் இது கலப்படம் என்று சொன்னால் அவர் சிரிப்பார். எந்த மக்களும் எந்தப் பண்டிகையையும் வந்தபடியே வைத்துக்கொண்டதில்லை. தங்கள் பயிரை, தங்கள் செத்தவர்களை, தங்கள் ருசியை அதில் போட்டுத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: அப்படியானால் பண்டிகையின் மூலத்தைத் தேடுவதே வீண் வேலையா? இல்லை. நம் இயக்க முன்னோர்கள் அதைத்தான் செய்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் தொடங்கிய பத்திரிகையில் தீபாவளிக்கும் கார்த்திகைத் தீபத்துக்கும் பௌத்த மூலம் சொன்னார். மகாராஷ்டிரத்தில் ஜோதிராவ் பூலே, பலி அரசனை உழவர்களின் நல்லரசனாகவும், அவனை மிதித்த வாமனனை வந்தேறிய ஆதிக்கத்தின் உருவமாகவும் காட்டினார். அவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்மூலமும் இன்றைய ஆய்வில் நிற்குமா என்பது வேறு விவாதம். அவர்கள் எதற்காகத் தேடினார்கள் என்பதே நமக்கு முக்கியம். பறிக்கப்பட்டவர்கள், தங்களிடமிருந்து எது பறிக்கப்பட்டது என்று கேட்டார்கள். உங்களுக்கு வரலாறே இல்லை, நீங்கள் பிறவியிலேயே தீண்டத்தகாதவர்கள் என்று சொன்னவனுக்குப் பதில் சொன்னார்கள்.

இன்று கேட்பவர் வேறு. அவர் அதிகாரத்தில் இருந்துகொண்டு, இல்லாதவரைப் பார்த்து உன் பண்டிகையின் மூலப்பத்திரத்தை எடு என்கிறார். தன்னுடையதைக் காட்டுவதில்லை. கிறிஸ்துமஸைக் கேட்கிற அதே கேள்வியை எல்லாப் பண்டிகையிடமும் கேட்டால் எது மிஞ்சும்? ஊர்த் தாய்த்தெய்வங்களுக்குச் சமஸ்கிருதப் பெயர் சூட்டி, கிடா வெட்டை நிறுத்தி, பூசாரியை வெளியே தள்ளி ஐயரை உள்ளே கொண்டுவந்த கோயில்கள் எத்தனை? அதை அவர் திருட்டு என்பதில்லை, பண்பாட்டு வளர்ச்சி என்பார். பூர்வீகம் என்பது இவர்கள் கையில் ஆராய்ச்சி இல்லை, வெளியேற்றும் நோட்டீஸ்.

சரி, மூலத்தைக் கேட்காவிட்டால் ஒரு பண்டிகையிடம் நாம் என்ன கேட்பது? அதற்குப் பதில் ரோமிலேயே இருக்கிறது. டிசம்பர் 17-ல் தொடங்கிச் சில நாட்கள் சடர்னாலியா என்ற விழா நடக்கும். கிறிஸ்துமஸின் விருந்துக்கும் பரிசுக்கும் அதை முன்னோடி என்பார்கள். மெழுகுவர்த்தியும் மண்பொம்மையும் பரிசாகக் கொடுப்பார்கள். விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பியை எல்லோரும் அணிவார்கள். அடிமைகள் எசமானோடு உட்கார்ந்து சாப்பிடலாம், சில வீடுகளில் எசமானே பரிமாறுவான். கேட்க அழகாக இருக்கிறது. விழா முடிந்த மறுநாள் அடிமை அடிமைதான். தொப்பி பெட்டிக்குள் போய்விடும். அந்தச் சில நாள் சமத்துவம், மீதி நாட்களின் அடிமைத்தனத்தைத் தாங்க வைக்கிற மருந்தாகவும் வேலை செய்தது.

நமக்கும் இது தெரிந்த கதை. சுதந்திர தினத்தன்று கோயிலில் சமபந்தி போஜனம் நடக்கும், அமைச்சர் உட்காருவார், படம் வரும். மறுநாள் அதே ஊர்த் தேநீர்க் கடையில் தனிக் குவளை. ஆகவே நான் எந்தப் பண்டிகையிடமும் கேட்கிற கேள்வி இதுதான்: அன்று யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், மறுநாளும் அப்படி உட்காருகிறார்களா?

இந்தக் கேள்வியைக் கிறிஸ்துமஸிடமும் கறாராகக் கேட்க வேண்டும். நான் சமவெளிச் சேரியிலிருந்து வந்தவன், எங்கள் தெருவில் பாதிப்பேர் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அதனால் கேட்கிறேன். மாட்டுத் தொழுவத்தில், இடம் இல்லை என்று துரத்தப்பட்ட வீட்டில் பிறந்தவனின் பிறந்தநாள் இது. ஆனால் நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதி சாதியாகப் பிரித்து உட்காரச் சுவர் வைத்திருந்தார்கள். 1910 வாக்கில் அந்தச் சுவரை இடித்தபோது, திரும்பக் கட்டித் தா என்று ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள் உயர்நீதிமன்றம் வரை போனார்கள்; நீதிமன்றம் மறுத்தது. அது பழைய கதை என்று விடமுடியாது. 2008 மார்ச்சில் எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதால் கலவரம் மூண்டு துப்பாக்கிச்சூடு வரை போனது. கல்லறையிலும் நடுவில் சுவர் வைத்திருக்கிற ஊர்கள் இந்த மாநிலத்தில் உண்டு. குடிலில் குழந்தையை வைத்துக் கும்பிட்டுவிட்டு, சேரித் தெருவுக்குள் சப்பரத்தைத் திருப்பாத கிறிஸ்துமஸுக்கு ரோமாபுரி மூலம் இருந்தால் என்ன, பெத்லகேம் மூலம் இருந்தால் என்ன?

டிசம்பர் 25 நமக்கு இன்னும் சில காரணங்களால் முக்கியமான நாள். 1927-ல் இதே நாளில் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 1968-ல் இதே நாள் இரவில் கீழவெண்மணியில், கூலியில் கூடுதல் நெல் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதற்கு முந்தைய நாளான டிசம்பர் 24, 1973-ல் பெரியார் இறந்தநாள். இந்த மலைக்குக் கீழே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் அவர் உயிர் பிரிந்தது. கடவுளை மறுத்தவர் கடைசியாகப் படுத்திருந்தது ஒரு கிறிஸ்தவ மருத்துவமனைக் கட்டில். அதை அவரும் முரணாக நினைக்கவில்லை, அவர்களும் நினைக்கவில்லை.

ஒரே நாளில் எரித்ததும் இருக்கிறது, எரிக்கப்பட்டதும் இருக்கிறது, பிறந்ததும் இருக்கிறது. அந்த நாளில் வெண்மணிக்குப் போய் வீரவணக்கம் செலுத்தும் தோழர் ஒருபக்கம், காலை ஆராதனை முடித்துப் புதுச்சட்டையோடு வரும் தோழர் இன்னொருபக்கம். இரண்டும் ஒரே வீட்டில் நடக்கிற குடும்பங்களும் நம்மிடம் இருக்கின்றன. 2014 முதல் ஒன்றிய அரசும் அதே நாளை வாஜ்பாயி பிறந்தநாள் என்று நல்லாட்சி தினமாக அறிவித்திருக்கிறது. கிறிஸ்தவர்கள் எல்லோரும் கோயிலில் இருக்கும் நாளில் அரசு நிகழ்ச்சி. அவுரேலியன் செய்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை; நாள்காட்டியின் மேல் தன் முத்திரையைக் குத்துவது அதிகாரத்தின் பழைய பழக்கம்.

இப்போது சான்றிதழுக்கு வருகிறேன். 1950-ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ, இசுலாமியத் தலித்துகள் இன்னமும் வெளியே. எங்கள் தெருவில் மாரியம்மன் கோயிலுக்குப் போகிற அண்ணன் எஸ்.சி., சர்ச்சுக்குப் போகிற தம்பி பி.சி. இருவருக்கும் சாக்கடை ஒன்று, சுடுகாட்டுப் பாதைத் தகராறு ஒன்று. அதனால் சர்ச்சில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயருமாக வாழ்கிறவர்கள் உண்டு. கிறிஸ்துமஸுக்கு வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்டலாமா, யாராவது பார்த்து எழுதிப்போட்டுவிடுவார்களா என்று பயப்படுகிறார்கள்.

பழங்குடிகளுக்கு அந்த நிபந்தனை இல்லை. பழங்குடிகள் ஆணையில் மதத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. அம்மனைக் கும்பிட்டாலும் ஆராதனைக்குப் போனாலும் மலையாளி மலையாளிதான். இதைத்தான் இப்போது மாற்றப் பார்க்கிறார்கள். மதம் மாறிய பழங்குடிகளைப் பட்டியலிலிருந்து நீக்கு என்று ஆர்.எஸ்.எஸ். சார்பு ஜன்ஜாதி சுரக்ஷா மஞ்ச் நாடு முழுக்கக் கூட்டம் போடுகிறது. 2023-ல் கிறிஸ்துமஸுக்கு முதல்நாளில் ராஞ்சியில் பேரணி நடத்தினார்கள். நாளைத் தேர்ந்தெடுத்ததிலேயே செய்தி இருக்கிறது. அவர்கள் வாதம் என்ன? கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவன் தன் பூர்வீகப் பண்பாட்டை விட்டுவிட்டான், ஆகவே அவன் பழங்குடி இல்லை.

இது மேடைப் பேச்சோடு நிற்கிற விஷயம் என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். 2004-ல் கேரளத்தின் மலை அரையர் சமூகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் மாறியதாலேயே ஒருவர் பழங்குடித் தகுதியை இழப்பதில்லை என்றது. அதோடு நிற்காமல், அவர் இன்னமும் சமூகத்தின் வழக்கங்களைப் பின்பற்றுகிறாரா, சமூக இழிவுக்கு இன்னமும் ஆளாகிறாரா என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. அப்போது 'வழக்கம்' எது என்று யார் முடிவு செய்வது? கோட்டாட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரா? வீட்டில் தொங்குகிற நட்சத்திரத்தை வைத்து முடிவு செய்வாரா, அதே வீட்டில் தை மாதம் சாமைச் சோறு பொங்குவதை வைத்து முடிவு செய்வாரா? பண்டிகையின் தூய மூலம் என்ற கதை சட்டத்துக்குள் நுழைந்தால், அதன் விலையை முதலில் கொடுக்கப்போவது உங்கள் பிள்ளைகள்.

தூய மூலம் பற்றி உங்கள் சொந்தக் கதையே பதில் சொல்கிறது. வட ஆற்காடு மாவட்டக் கையேட்டிலும், 1909-ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பிலும் அதை எழுதி வைத்திருக்கிறார்கள்; உங்கள் ஊர்ப் பெரியவர்கள் வேறு மாதிரியும் சொல்லலாம். கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வெள்ளாளரிடம் பெண் கேட்டார்கள். கொடுக்க மறுத்ததால் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்கப் புறப்பட்ட ஏழு ஆண்கள், நாய்கள் மட்டும் தனியே திரும்பினால் நாங்கள் செத்தோம் என்று கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவிகளிடம் சொல்லிப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம், நாய்கள் திரும்பிவிட்டன. வீட்டில் கருமாதி முடிந்துவிட்டது. உயிரோடு வந்தவர்களுக்குச் சாதியில் இடம் இல்லை. அவர்கள் வேடர் பெண்களைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்கு ஏறினார்கள்.

இது நடந்த வரலாறா என்று நான் சொல்ல வரவில்லை. கதையில் எதை நினைவு வைத்துக்கொள்கிறோம் என்று பாருங்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம், வெள்ளாளர் வழி, கவுண்டர் என்று பெருமையாகச் சொல்கிறோம். வேடர் பாட்டிகளைச் சொல்வதில்லை. கதைப்படியே பார்த்தால் சாதி இவர்களைச் செத்தவர்கள் என்று எழுதிவிட்டது. ஏற்றுக்கொண்டது வேடர் வீடு. அந்தப் பாதியை மறந்துவிட்டு, கைவிட்ட சாதியின் பெயரைத் தலையில் தூக்கிக்கொண்டு நாம் ஏன் நடக்க வேண்டும்? கலப்பில் பிறந்தவர்கள் என்று சொல்வதில் ஒரு இழிவும் இல்லை. மனிதர் எல்லோரும் அப்படித்தான். பண்டிகையும் அப்படித்தான்.

பூர்வீகம் பேசக்கூடாது என்றால் காட்டு உரிமையை எப்படிக் கேட்பது என்று ஒரு தம்பி இடைவேளையில் கேட்டார். நல்ல கேள்வி. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடிகளிடம் என்ன கேட்கிறது? 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து இந்த நிலத்தை அனுபவித்தாயா என்று கேட்கிறது. உழுதாயா, குடியிருந்தாயா, கடுக்காயும் தேனும் எடுத்தாயா என்பது அதற்குள் அடங்கும். எந்தச் சாமியைக் கும்பிட்டாய் என்று அதில் ஒரு வரி இல்லை. உங்கள் நில உரிமை உங்கள் உழைப்பிலும் இருப்பிலும் நிற்கிறது. நிலத்துக்கு எல்லை உண்டு. ஒருவர் பறித்தால் இன்னொருவருக்கு இல்லாமல் போகும். அதனால் அதற்குப் பட்டா வேண்டும். பண்டிகையை இன்னொருவர் கொண்டாடினால் உங்களுக்கு எதுவும் குறையாது. அதற்குப் பட்டா கேட்பவன் கண் பண்டிகையின் மேல் இல்லை, உங்கள் நிலத்தின் மேலும் சான்றிதழின் மேலும்தான்.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள். பகுத்தறிவுத் தோழர்களுக்கு: கிறிஸ்துமஸின் சூரிய மூலத்தைப் பேசுங்கள், அறிவுக்கு வேலி போடக்கூடாது. ஆனால் அதே மூச்சில் சாதியைப் பேசாமல் அந்தச் செய்தியை முன்னனுப்பாதீர்கள். அது யார் கைக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருச்சபைகளுக்கு: மூன்றாம் பத்தியை நீக்கு என்று டெல்லியில் கேட்கும் உங்கள் குரல் நியாயமானது. உங்கள் கல்லறைச் சுவரை நீங்களே இடித்தால் அந்தக் குரலுக்குப் பலம் கூடும். பழங்குடிகளின் பாட்டையும் மொழிவழக்கையும் தெய்வத்தையும் பேய் என்று சொல்லித்தரும் போதகர்களையும் கேள்வி கேளுங்கள். பட்டியல் நீக்கக் கூட்டத்துக்கு அவர்களே ஆயுதம் செய்து கொடுக்கிறார்கள்.

இந்த மலை மக்களுக்கு: உங்கள் வழக்கங்களை நீங்களே எழுதி வையுங்கள். ஊர்க் கூட்டம், கல்யாணச் சடங்கு, சாவுச் சடங்கு, விதைப்பு, அறுவடை எல்லாவற்றையும், கும்பிடுகிற சாமி வேறானாலும் எல்லா வீட்டிலும் பொதுவாக இருப்பது எது என்பதையும். பள்ளிக்கூடம் படித்த பிள்ளைகள் ஊருக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் முடிகிற வேலை. நாளை அலுவலகத்தில் வழக்கம் எது என்று கேட்டால், பதில் உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும். கிராமசபைத் தீர்மானமாக ஏற்றி வைத்தால் இன்னும் நல்லது.

இன்னொன்றும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு அழைத்தால் அம்மன் கும்பிடுகிற வீடு போக வேண்டும்; மாரியம்மன் கூழுக்கு அழைத்தால் சர்ச் வீடு போக வேண்டும். கீழேயிருந்து கூலி வேலைக்கு, சாலை வேலைக்கு வருகிற சேரி ஆட்களுக்கும் அதே பந்தியில் இலை போட வேண்டும். மறுநாளும் போட வேண்டும். எந்தப் பண்டிகைக்கு எந்த மூலம் என்று கேட்டு வருகிறவனுக்கு, இந்த மலையில் ஒரே பந்திதான் என்று காட்ட முடிந்தால் அவனுக்கு இங்கே வேலை இருக்காது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.